எஸ்தர் கேட்டனுப்பிய கேள்வி

செய்தி வந்தபோது நான் ஆபீஸ் வேனில் இருந்தேன். எஸ்தர் தினமும் திருப்புட்குழி நெடுஞ்சாலையில் எனக்கு முன்பே ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்தில் தன் பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருப்பாள். அன்று சின்ன காஞ்சிபுரத்தில் நான் ஏறியபோது இரண்டு இடமும் காலி. லீவு போட்டிருப்பாள் என்று நினைத்து ஜன்னலோரத்தில் நானே உட்கார்ந்துகொண்டேன். வேன் ஊரைத் தாண்டியதும் வாட்ஸ்அப் குழுவில் டீம் லீடர் போட்டிருந்தார்: விடியற்காலையில் மாரடைப்பு, எஸ்தர் இறந்துவிட்டார். கீழே கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. அவள் இடத்திலிருந்து எழுந்து வேறெங்காவது உட்காரலாமா என்று மட்டும் தோன்றியது.

எங்களோடு வேலை பார்த்தவர்களுக்கு எங்கள் வேலையை விளக்க வேண்டியதில்லை. ஆனால் இதை எஸ்தரின் அம்மாவுக்கு யாராவது படித்துக்காட்டுவார்கள், அதனால் சொல்கிறேன். அமெரிக்காவில் ஒருவர் விழுந்து முழங்கைப் பக்கம் எலும்பு முறிந்தால், கத்தி வைக்காமல் செய்கிற வைத்தியம் இரண்டு விதம். எலும்பு விலகியிருந்தால் டாக்டர் கையைப் பிடித்து இழுத்து, எலும்பை இடத்தில் பொருத்திக் கட்டுப் போடுவார். விலகவில்லை என்றால் கட்டு மட்டும். டாக்டர் எழுதியதைப் படித்து, இரண்டில் எது நடந்தது என்று பார்த்து, அதற்கான எண்ணைப் போடுவதுதான் எங்கள் பிழைப்பு. அந்த எண்ணை வைத்து இன்சூரன்ஸ்காரர்கள் ஆஸ்பத்திரிக்குப் பணம் கொடுப்பார்கள். இழுத்துப் பொருத்தியிருந்தால் கூடுதலாகக் கிடைக்கும். ஒரு நாளைக்கு இத்தனை ஃபைல் முடிக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. அந்தக் கணக்கை எட்டிப்பிடிக்கவே எங்கள் கண்ணும் இடுப்பும் தேய்ந்துகொண்டிருக்கின்றன.

எஸ்தர் ஃபைலைப் படிக்கும்போது தன் இடது கையை மடக்குவாள். வலது கையால் அதன் மணிக்கட்டைப் பிடித்து மெல்ல இழுப்பாள், திருப்புவாள், பிறகு நீட்டிப் பார்ப்பாள். அதற்குப் பிறகுதான் எண்ணைப் போடுவாள். ஆபீஸ் பையன்கள் அவளுக்கு முழங்கை டாக்டர் என்று பெயர் வைத்திருந்தார்கள். அவள் கண்டுகொள்ளவில்லை. நான் ஒருமுறை அலுத்துப்போய் இதெல்லாம் தேவையா என்று கேட்டேன். “இரு வைதேகி, கைல பாத்தாதான் எனக்குப் புரியுது” என்றாள்.

நோயைக் குறிக்கும் எண்ணின் கடைசியில் ஓர் எழுத்து வரும். வைத்தியம் நடந்துகொண்டிருந்தால் ஏ. நல்லபடியாக ஆறிக்கொண்டு வந்தால் டி. எஸ்தர் இந்த இரண்டு எழுத்தையும் வீட்டுச் சண்டை, மாமியார் கோபம், பல் வலி எல்லாவற்றுக்கும் போட்டுவிடுவாள். என் அப்பா போனபோது நான் வாரக்கணக்கில் வேனில் வாயே திறக்கவில்லை. அவளும் எதுவும் கேட்கவில்லை. நான் கொண்டுபோகும் காஞ்சிபுரம் இட்லியில் பாதியைப் பிட்டு என் கையிலேயே திருப்பி வைப்பாள், சாப்பிடும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள். கருட சேவை நாளில் கூட்டத்தில் வேன் நகராமல் நின்றது. அப்பா இல்லாத முதல் உற்சவம். வெளியே குடைகள் போவதைப் பார்த்துக்கொண்டே, “இன்னும் ஏ-தானாப்பா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். “சரி, அவசரமில்ல” என்றாள். அன்றுதான் நான் அழுதேன்.

போன வருடத்திலிருந்து அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. இதயம் பலவீனமாக இருக்கிறது, இந்தத் தினசரி அலைச்சலை விடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலையை விட முடியாது, மகள் நர்சிங் படிக்கிறாள். வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி கேட்டாள். தொடர்ந்து மூன்று மாதம் ஃபைல் கணக்குக் குறையாதவர்களுக்குத்தான் அது கிடைக்கும் என்பது கம்பெனியின் விதி. டாக்டர் சீட்டைக் காட்டினாலும் விதி விதிதான். இரண்டு மாதத்தை எப்படியோ இழுத்துப்பிடித்துத் தாண்டிவிட்டாள்.

மூன்றாவது மாதக் கடைசியில் ஒரு சிறுமியின் ஃபைல் வந்தது. ஊஞ்சலிலிருந்து விழுந்து முழங்கைக்குச் சற்று மேலே முறிவு. முதல் எக்ஸ்ரேயில் எலும்பு விலகியிருந்தது, கட்டுப் போட்ட பிறகு எடுத்ததில் சேர்ந்திருந்தது. நடுவில் டாக்டர் என்ன செய்தார் என்று ஒரு வரிகூட இல்லை. இழுக்காமல் எப்படிச் சேரும், இழுத்ததற்கான எண்ணையே போட்டுவிட்டுப் போங்கள் என்றார் டீம் லீடர். அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. எஸ்தர், “டாக்டர் எழுதலையே சார்” என்று மட்டும் சொல்லி, இழுத்துப் பொருத்தினீர்களா என்று அந்த டாக்டருக்கே கேள்வி அனுப்பிவிட்டாள். பதில் வராத ஃபைல் கணக்கில் சேராது. ஏற்கெனவே விளிம்பில் இருந்த அவள் கணக்கு அதோடு கீழே போனது.

வேனில் அவளைப் பிடித்து உலுக்காத குறைதான். உன் மூச்சைவிட அந்த ஒரு வரி பெரிதா என்று கத்தினேன். அவள் கண்ணை மூடியபடி சொன்னாள்: “நாளைக்கு அந்தப் பொண்ணுக்குக் கை மடங்காம போச்சுன்னா இதைத்தான்பா எடுத்துப் பாப்பாங்க. இழுத்தாங்களா இல்லையான்னு நான் எப்படி என் இஷ்டத்துக்குச் சொல்றது?”

அனுமதி கிடைக்கவில்லை. மறுபடி முதலிலிருந்து மூன்று மாதம் என்றார்கள். சில வாரம் கழித்து டாக்டரின் பதில் வந்தது. ஆமாம், இழுத்துத்தான் பொருத்தினேன், எழுத மறந்துவிட்டேன். டீம் லீடர் அதை ஒரு வார்த்தைகூடச் சேர்க்காமல் எங்கள் எல்லோருக்கும் அனுப்பிவைத்தார். எஸ்தர் படித்துவிட்டுச் சிரித்தாள். “சார் சொன்னதுதான் சரி. ஆனா அன்னிக்கு நமக்குத் தெரியாதில்ல” என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்போதும் வரவில்லை. அந்த வாரமே அவள் போய்விட்டாள்.

திருப்புட்குழியில் அடக்கம் முடிந்து கிளம்பும்போது எஸ்தரின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். “அவ என்ன வேலைம்மா செஞ்சுக்கினு இருந்தா? எனக்குச் சொன்னா புரியாதுன்னு சிரிப்பா” என்றார். எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “கை நல்லாயிடுச்சான்னு அவங்க உங்களுக்குச் சொல்வாங்களா?” என்றார். இல்லைம்மா என்றேன். நாள் முழுக்க முன்பின் தெரியாதவர்களின் எலும்பைப் படிக்கிறோம், அதில் ஒருவர் முகத்தையும் பார்ப்பதில்லை. அது என்றைக்கும் இல்லாத அளவுக்கு அன்று எனக்கு அலுப்பாக இருந்தது.

போன வாரம் என் வரிசையில் அந்தச் சிறுமியின் ஃபைல் வந்தது. கட்டைப் பிரித்தபின் பார்க்க வந்திருக்கிறாள். டாக்டர் இந்த முறை விவரமாக எழுதியிருந்தார். முழங்கை முழுதாக நீள்கிறது, மடங்குகிறது, உள்ளங்கை இரண்டு பக்கமும் திரும்புகிறது, வலி இல்லை. நான் என் இடது கையை மடக்கி, மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பி, நீட்டிப் பார்த்தேன். யாரும் கேலி செய்யவில்லை. எண்ணைப் போட்டுக் கடைசியில் டி என்று தட்டிவிட்டு, எஸ்தர் உட்காரும் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். வேறொரு பெண் தலை நிமிராமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள்.

எஸ்தரிடமிருந்து எனக்கு மிஞ்சியது கையை மடக்கிப் பார்க்கும் இந்தப் பழக்கம்தான். இதனால் என் கணக்கும் இப்போது குறைகிறது, குறையட்டும். நான் இன்னும் ஏ-யில்தான் இருக்கிறேன் எஸ்தர், அவசரமில்லை.

அம்மா, அன்று நீங்கள் கேட்டதற்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். உங்கள் மகள் கேள்வி கேட்டு அனுப்பினாளே, அந்தப் பெண்ணுக்குக் கை நல்லாயிடுச்சு.