சாயம் போகாத பட்டப்பேர்

காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டும் டேனியலை டேனியல் என்று கூப்பிடுவது இரண்டே இடத்தில்: சர்ச்சில், ஆர்.டி.ஓ. ஆபீசில். மற்ற எல்லோருக்கும் அவன் சேம்சைடு. "சேம்சைடு வண்டியில ஏறுங்கம்மா" என்றுதான் மற்ற டிரைவர்கள் சவாரி அனுப்புவார்கள். கோயம்புத்தூர்க்கார அம்மா ஒருவர், "சேம்சைடுன்னா, போற பக்கம் மட்டுந்தானா? திரும்பி வர மாட்டீங்களா?" என்று அப்பாவியாகக் கேட்டார். டேனியல் பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினான்.

விஷயம் இதுதான். பதினாறு வயதில் அகில இந்திய இளையோர் கால்பந்துக் கோப்பை இறுதியாட்டத்தில் தமிழ்நாட்டுக்காக ஆடினான். ஆட்டம் முடியப்போகிற நேரம். எதிராளி தூக்கி அடித்த பந்தைத் தலையால் வெளியே தள்ளப் பார்த்தான். அது நம்ம கோலுக்குள்ளேயே போய் விழுந்தது. சேம்சைடு கோல். கோப்பை போச்சு. அவனுக்கு ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கித் தர ஆள் இல்லாத ஊரில், பேர் வைக்க மட்டும் தெருவே திரண்டது. பட்டுக்குப் பேர்போன ஊராயிற்றே, பட்டப்பேரிலும் சாயம் போகாத சரக்கைத்தான் கொடுக்கும்.

அன்றிலிருந்து டேனியலுக்கு ஒரே லட்சியம். இறுதியாட்டத்தில் வேறு எவனாவது சேம்சைடு கோல் போட வேண்டும். பேர் அவனுக்குப் போய்விட வேண்டும். வருஷம் தவறாமல் காத்திருந்தான். ஒரு வருஷம் பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. இன்னொரு வருஷம் பந்து உள்ளே போயும், கோல் செல்லாது என்று லைன்ஸ்மேன் கொடி தூக்கிவிட்டார். அந்த லைன்ஸ்மேனின் வம்சத்தையே சபித்தான்.

இந்த வருஷம் தமிழ்நாடு மறுபடி இறுதிக்கு வந்தது. ஆட்டத்தன்று காலையில் மண்டியிட்டவனை மனைவி எஸ்தர் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாய்யா ஜெபம் இவ்ளோ நேரம்?"

"பசங்க நல்லா ஆடணும்னுதான்."

"பொய் சொல்லாத. எவ பெத்த புள்ளையோ சேம்சைடு அடிக்கணும்னு கர்த்தரைக் கூட்டு சேத்துக்கினு இருக்க. வெக்கமா இல்ல?"

"அவன் அடிச்சா என்னைய வுட்ருவாங்க எஸ்தரு. அடுத்த வாரம் நம்ம அபியப் பொண்ணு பாக்க வராங்க. சேம்சைடு வூடு எதுன்னு கேட்டுக்கினா வரணும்?"

எஸ்தரும் பக்கத்தில் மண்டியிட்டாள்.

காசிநாதன் டீக்கடை டி.வி. முன்னால் கூட்டம். பந்தையே தொடாதவர்களெல்லாம் கோச் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்கோர் ஒன்றுக்கு ஒன்று. கடைசி நிமிஷத்தில் இடது பக்கமிருந்து பந்து வந்தது. நம்ம பையன் தடுக்கக் காலை நீட்டினான். பந்து முழங்காலில் பட்டு நம்ம கோலுக்குள்ளேயே உருண்டது.

கடையே தலையில் கை வைத்துக்கொண்டது. டேனியல் மட்டும் பெஞ்சு மேல் ஏறி இரண்டு கையையும் தூக்கி, "கோல்! கோலுடா! வந்துட்டான்டா என் ராசா!" என்று கத்தினான்.

எல்லாத் தலையும் திரும்பியது. டீ ஆற்றுவதை நிறுத்தாமலே காசிநாதன் கேட்டார்: "இன்னாபா, உக்காந்த எடத்துல இருந்தே இன்னொரு சேம்சைடா?"

சிரிப்பு அடங்கப் பத்து நிமிஷம் ஆனது. முழங்காலால் அடித்த பையனின் பேர் இப்போது யாருக்கும் ஞாபகமில்லை.

அடுத்த வாரம் மாப்பிள்ளை வீட்டார் வழி தெரியாமல் அலையவில்லை. பஸ் ஸ்டாண்டில் டேனியல் வீடு என்று கேட்டதும் நாலு டிரைவர்கள் ஒரே குரலில் சொன்னார்கள்:

"டபுள் சேம்சைடா? நேராப் போய் லெஃப்ட்டு!"