நூறு தடவை ஓடிய ஒரே ஓட்டம்

கல்லூரி வட்டாரத்தில் ஒரு வதந்தி. கணினித் துறையின் மூத்த விரிவுரையாளர் தேர்வுக்கூட வலையமைப்பை, நிஜம்போலவே திரையில் நடத்திக் காட்டும் சிமுலேஷன் மென்பொருளுக்குள் கட்டி நூறு தடவை ஓட்டிப் பார்த்தாராம்; நூறிலும் ஒரு தரவு பாக்கெட்கூட வழியில் தொலையவில்லையாம். இப்பேர்ப்பட்ட மகானைப் பற்றிப் பொய் பரவக்கூடாதே என்று விசாரித்தால், செய்தி முழுக்க உண்மை. வினையே அங்கேதான்.

‘சிமுலேஷன் சார்’ என்றால் வாயிற்காவலருக்கும் தெரியும். நிஜக் கேபிளைக் கையால் தொட்டவரில்லை. ஏணியைப் பார்த்தாலே தலை சுற்றும். ஏசி அறையில் உட்கார்ந்து திரையில் கோடு இழுத்து, பச்சை அம்புகள் ஓடுவதைப் பெற்ற பிள்ளை நடை பழகுவதைப் பார்ப்பதுபோல வாய் பிளந்து பார்ப்பார். ஆன்லைன் தேர்வு சிக்கலில்லாமல் முடிந்தால் துறைத் தலைவர் நாற்காலி அவருக்குத்தான் என்று முதல்வர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து சாதாரண நாற்காலி அவருக்குக் குத்தியது.

மனைவியின் தம்பியும் அதே துறையில் ஆசிரியர். வீட்டுக்கு வந்தவர் திரையை எட்டிப் பார்த்தார்.

“மாமா, நூறு தடவையும் கடைசிப் புள்ளி வரைக்கும் ஒரே கணக்கா வந்திருக்கே. விதை எண்ணை மாத்தினீங்களா?”

“விதைக்கிறதுக்கு நான் என்ன விவசாயியா? போ மாப்ளே, உங்கக்காவுக்குக் காய் நறுக்கிக் குடு.”

எந்த மாணவர் எப்போது பொத்தானை அழுத்துவார் என்பதை மென்பொருள் பகடை உருட்டித்தான் முடிவு செய்கிறது. தொடக்கத்தில் கொடுக்கும் விதை எண்ணை மாற்றாவிட்டால், எத்தனை முறை உருட்டினாலும் அதே வரிசையில் அதே எண்கள்தான் விழும். சார் ஒரே சோதனையை நூறு முறை உட்கார்ந்து ரசித்திருக்கிறார்.

தேர்வன்று எல்லா மாணவர்களும் ஒரே நொடியில் தேர்வுப் பக்கத்துக்குள் நுழைய, திரைகள் உறைந்தன.

“பசங்களுக்கு ஒழுக்கம் இல்ல! என் மாடல்ல யாரும் இப்படி முண்டியடிக்கல!” என்று தாழ்வாரத்தில் கத்தினார் சார்.

முதல்வர் மறுதேர்வு அறிவித்தார். “இதுவும் கவுந்தா நாற்காலியை மறந்துடுங்க” என்றார்.

அன்று மாலையே மைத்துனர் வீட்டு வாசலில் நின்றார் சார். “மாப்ளே... அந்த விதை விவகாரம்...”

மைத்துனர் ஒவ்வோர் ஓட்டத்துக்கும் வேறு வேறு எண் கொடுத்து ஓட்டினார். பாதிக்கு மேற்பட்ட ஓட்டங்கள் படுத்துவிட்டன. இரண்டு தேர்வுக்கூடங்களின் பாரமும் ஒரே கேபிளில் விழுந்து மூச்சுத் திணறுவது தெரிந்தது. இரண்டாவது கேபிளை இழுக்கச் செய்தார். மறுதேர்வு அலுங்காமல் முடிந்தது. நாற்காலி சாருக்கு வந்தது.

பாராட்டுக் கூட்டத்தில் சார் முதல்வருக்கு நன்றி சொன்னார், மென்பொருளுக்குச் சொன்னார், தடைபடாமல் வந்த மின்சாரத்துக்கும் சொன்னார். முன்வரிசையில் உட்கார்ந்து மைத்துனர் கை தட்டினார்.

“ஏங்க, கரண்டுக்கே நன்றி சொன்னீங்களே, என் தம்பிக்கு ஒரு வார்த்தை சொன்னா வாய் சுளுக்கிக்குமா?” என்றார் மனைவி, வீட்டில்.

“சொந்தத்துக்குள்ள நன்றி என்னடி நன்றி? மனசுல இருக்கு.”

“அதைக் கொஞ்சம் வெளிய எடுங்க.”

“அடுத்த கூட்டத்துல எடுக்கிறேன்.”

அடுத்த கூட்டமும் முடிந்துவிட்டது. அதில் சார் தம் விடாமுயற்சிக்குத் தாமே நன்றி சொல்லிக்கொண்டார். மைத்துனருக்கான அந்த ஒரு வார்த்தை இன்னும் பாக்கி.