திரைச்சீலையில் தைத்த ராணி உடுப்பு

அடித்தாளாம், துணியை உருவினாளாம். வெறும் வாயை மென்றுகொண்டிருந்த எதிர் மாடிக்காரிக்கு அவல் கிடைத்துவிட்டது. தெருவெல்லாம் அதே பேச்சு. அடி வாங்கியவள் நான் என்றால், என்னிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? பேத்தி, சொல்லச் சொல்ல எழுது. என் மருமகள் என் மேல் கை வைத்தது உண்மை. துணியைக் கழற்றியதும் உண்மை. கழற்றச் சொன்னவள் நான்.

எல்லாம் அந்த ராணியால் வந்த வினை. எந்தக் காலத்திலோ நாடாண்டவள். அவள் கதையை மேடையில் பாட்டாகவே நடத்தி, அதைப் படம் பிடித்து வைத்திருந்தார்கள். ஒரு விடுமுறை மதியம் மருமகள் அதைத் தொலைக்காட்சியில் போட்டாள். சண்டைக்குப் போனாலும் பாட்டு, சாகக் கிடந்தாலும் பாட்டு. மூச்சு வாங்குகிறவளுக்கு எதற்கு இத்தனை பாட்டு என்று கேட்டேன். அவள் காதில் விழவில்லை.

தகப்பன் செத்த துக்கத்தில் கறுப்பு உடுத்தி நின்ற ராணி ஒரு தூணுக்குப் பின்னால் போனாள். கூட்டம் நாலு வரி பாடுவதற்குள் தங்க நிற உடுப்போடு முடி சூட்டிக்கொள்ள வெளியே வந்தாள். அந்தத் தூணோரம், கண் சிமிட்டும் நேரம், இரண்டு கைகள் தெரிந்தன. மருமகள் படத்தை நிறுத்தினாள்.

"பாத்தீங்களா அத்தை? யாரோ பின்னால நின்னு மாத்தி விடுறாங்க."

"ராணின்னா வேலைக்காரி இருக்க மாட்டாளா?"

அன்றோடு அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பால் பொங்கி வழிந்தது, குழாய் திறந்தபடி கிடந்தது. அந்த இடத்தையே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். தையல் கடையில் அவளுக்குக் கால்சட்டை அடி மடிக்கிற வேலை. ஊரில் பாதிப் பேர் காலை மடித்திருக்கிறாள், ஒருத்தர் முகத்தைப் பார்த்ததில்லை. எனக்கும் போகப் போக ராணி முகம் மறந்துவிட்டது, அந்தக் கைகள் மறக்கவில்லை.

அப்போது நகரத்து அரங்குக்கு ஒரு நாடகக் குழு வந்தது. இவள் வேலை விட்டு நேரே போய்க் கேட்டிருக்கிறாள். உடுப்பு மாற்றிவிட ஆள் தேவைதான், ஒரு பாட்டுக்குள் மாற்றத் தெரிந்தால் வெள்ளிக்கிழமை எங்கள் வண்டியில் ஏறு, இல்லையென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்களாம். ஊர் ஊராகப் போகிற வேலை.

பழக ஓர் உடம்பு வேண்டுமே. வீட்டில் சும்மா நிற்கிற உடம்பு என்னுடையது ஒன்றுதான். துணிக்கு ஜன்னல் திரையைக் கிழித்தாள். கொக்கி வேண்டாமென்று முதுகுப் பக்கம் அழுத்துகிற பட்டன் வைத்தாள். அலமாரிதான் தூண். அவள் வாயில் ஊசி இருந்ததால் பாட்டும் என் பொறுப்பு. முதல் நாள் என் தலை உடுப்பின் கைக்குள் புகுந்து மாட்டிக்கொண்டது. முடி சூட்டத் தலையில்லாத ராணியாக நின்றேன். "கழட்டும்மா" என்று நான் கத்த, அவள் என் முதுகில் தட்டித் தட்டிப் பட்டனைத் தேடி உடுப்பை இழுத்து உருவினாள். திரையில்லாத ஜன்னல் வழியாக எதிர் மாடிக்காரி பார்த்தது அதைத்தான்.

வியாழக்கிழமை என் மகன் ரொட்டி ஆலையிலிருந்து வரும்போது எதிர் மாடிக்காரி தெருமுனையிலேயே அவனைப் பிடித்துச் சொல்லிவிட்டாள். பெண்டாட்டி வெளியூர் போவது அவனுக்கு முதலிலேயே பிடிக்கவில்லை, சாக்குத் தேடிக்கொண்டிருந்தவன்.

"அம்மா மேல கை வச்சியாமே? நீ எங்கயும் போக வேணாம். ஊரே சிரிக்குது."

மருமகள் விரலில் இருந்த தையல் உறையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். அது எனக்குப் பொறுக்கவில்லை.

"டேய், உக்காரு. நீ அந்தப் பாட்டைப் போடும்மா."

கறுப்பு நைட்டியோடு அலமாரிக்குப் பின்னால் போனேன். அவள் விரல் ஒரு பட்டனைத் தவறவிட்டு, மறுபடி பிடித்து அழுத்தியது. படத்தில் கூட்டம் நாலாவது வரிக்கு வாயெடுக்கும் முன்னால் நான் ராணியாக அவன் எதிரில் நின்றேன். சிரிப்பு வரப் பார்த்தது அவனுக்கு. அடக்கிக்கொண்டு, சாப்பிடாமல் போய்ப் படுத்துவிட்டான்.

விடிந்ததும் பார்த்தால் பரண்மேல் கிடந்த பெட்டி, தூசி துடைத்து, வாசலருகே இருந்தது. அவன் வேலைக்குப் போயிருந்தான். போய் வா என்று சொல்ல என் மகனுக்கு வாய் வராது, கைதான் வரும்.

அவள் தையல் உறையை எடுத்து மாட்டிக்கொண்டு பெட்டியைத் தூக்கினாள். எதிர் மாடியில் அந்த மகராசி நின்றுகொண்டிருந்தாள்.

"அத்தை, முதல்ல ஒரு திரை வாங்கி மாட்டிடுங்க."

"மாட்டிட்டா நீ வர்றது எனக்கெப்படித் தெரியும்? வண்டி போயிடப் போகுது, கிளம்பு."

படியிறங்கிப் போனாள். நான் ஜன்னலுக்கு வந்து நின்றேன், அந்த ராணி உடுப்போடே.