சேட்டுக்குள் இருந்தது

என்னிடம் ஒரு கைத்துப்பாக்கி இருக்கிறது. இதைச் சொன்னால் எங்கள் ஆட்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு என் கணவரைப் பார்ப்பார்கள். அவர் பாவம், அவருக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. லைசென்ஸ் என் பெயரில், கிளப் அங்கத்துவம் என் பெயரில், இரும்புப் பெட்டியின் பூட்டு இலக்கம் என் தலைக்குள். ஐம்பதை எட்டிப் பிடிக்கப்போகிற, வலது மணிக்கட்டில் ஒப்பரேஷன் செய்துகொண்ட, கியூபெக்கின் லாசாலில் மூன்றாம் மாடியில் புட்டு அவிக்கிற ஒருத்திக்கு இது எதற்கு என்று கேட்பார்கள். "விளையாட்டுக்கு" என்று சொல்வேன். பொய் என்று அவர்களுக்கும் தெரியும், ஆனால் மேலே கேட்க மாட்டார்கள்.

புவாண்ட்-கிளேரில் மருந்துச் சாமான்கள் பொதி செய்யும் வேர்ஹவுஸ் ஒன்றில் பதினேழு வருடமாக வேலை செய்கிறேன். எனக்கு எதிர் மேசையில் நிற்பவள் ஒரு கியூபெக்காரி, பென்ஷனுக்கு இரண்டு வருடம் இருக்கிறவள். வார இறுதியில் என்ன செய்வாய் என்று ஒருநாள் கேட்டேன். துப்பாக்கி சுடுவேன் என்றாள், ஏதோ கோயிலுக்குப் போவேன் என்பதுபோல. நான் பயந்து விலகுவேன் என்று எதிர்பார்த்திருப்பாள். "சின்னதாக, போட்டிருக்கிற சேட்டுக்குள் மறைத்து வைக்கிற அளவில் இருக்கிறதா?" என்று கேட்டேன். அந்தக் கேள்வி என் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு எனக்கே உடம்பு கூசியது. அவள் அதைக் கவனிக்கவில்லை, "அடுத்த ஞாயிறு வா" என்றாள்.

ஒரு வருடத்துக்குப் பிறகு சொந்தமாகவே வாங்கினேன். இருபத்திரண்டு ரகம், சின்ன ரவை, அதாவது தோட்டா, பத்து போடலாம். மேற்பகுதியைப் பின்னால் இழுப்பதற்கு இரண்டு விரல் போதும், ஒப்பரேஷன் செய்த கைக்கும் வலிக்காது. அமெரிக்காவில் இதையே இன்னும் குட்டையாகச் செய்து இடுப்பில் மறைத்துக்கொண்டு திரிகிறார்கள், அந்தக் குட்டைக் குழல் இங்கே தடை, இது அதற்குக் கொஞ்சம் கழுத்து நீண்ட அக்கா என்றார் கடைக்காரர். வீட்டில் பெட்டிக்குள் பூட்டி வைக்க வேண்டும், விசைக்குத் தனிப் பூட்டு, கிளப்புக்குக் கொண்டுபோகும்போது இன்னொரு பூட்டு. இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினால் நேரே சிறை. நான் வாங்கிக் கொஞ்ச நாளில் கைத்துப்பாக்கி வாங்கவும் விற்கவும் முடியாதபடி சட்டமும் வந்துவிட்டது. எனக்குப் பிறகு அதை யாருக்கும் கொடுக்க முடியாது.

அவள் கூப்பிட்ட அந்த ஞாயிறு, அவளுடைய துப்பாக்கியால் முதல் தடவை சுட்டது நன்றாக நினைவிருக்கிறது. கிளப் ஒரு தொழிற்சாலைக் கட்டடத்தின் நிலக்கீழ் அறையில் இருக்கிறது. காதுக்குக் கவசம், கண்ணுக்கு மஞ்சள் கண்ணாடி. என் வேர்ஹவுஸ் தோழி பின்னால் நின்றாள். கை மேலே தூக்கிப் போடும், தோள் அடிவாங்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு விசையை அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. அதாவது, ரவை போனது, குறி வரைந்த கடுதாசியில் துளை விழுந்தது, வெற்றுக் கோது தரையில் குதித்தது. என் கை மட்டும் நீட்டியது நீட்டியபடி அசையாமல் இருந்தது. அது என் கை மாதிரியே இல்லை. அந்தக் கையை எனக்குத் தெரியும், அதை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன்.

சத்தமும் அதேதான். கவசத்தை ஒரு காதில் கொஞ்சம் விலக்கிக் கேட்டபோது, காய்ந்த பனை மட்டையை முழங்காலில் வைத்து முறிக்கிற சத்தம். இத்தனை வருடமாக, துப்பாக்கி என்றால் பெரிதாக வெடித்திருக்க வேண்டும், பயத்தில் என் காதுதான் அடைத்துப் போயிருக்கிறது என்று நினைத்திருந்தேன். காது அடைக்கவில்லை. சத்தமே அவ்வளவுதான்.

அந்த நாளைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மிச்சம் எதுவும் விளங்காது. எனக்குப் பதினொரு வயது, யாழ்ப்பாணத்தில் இருந்தோம். அப்பா கூட்டுறவுச் சங்கக் கடையில் மனேஜர். பின்னேரம் நாலு மணியிருக்கும், ஒருவன் சைக்கிளில் வந்து வாசல் கேற்றடியில் நின்றான். இருபது வயதுகூட இருக்காது, மெலிந்த ஆள், சேட்டை வெளியே விட்டிருந்தான். "தங்கச்சி, அப்பா நிக்கிறாரோ?" என்று கேட்டான். நல்ல தன்மையான குரல். "ஓம், நிக்கிறார்" என்றேன். கிணற்றடிக்கு ஓடிப்போய் அப்பாவைக் கூப்பிட்டேன். அப்பா துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். கேற்றடியில் இரண்டு சத்தம் கேட்டது. நான் பார்க்கும்போது அவனுடைய கை இன்னும் நீட்டியபடி இருந்தது, ஒரு ஆட்டம் இல்லை. பிறகு அதைச் சேட்டுக்குள் வைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போனான். அவசரப்படக்கூட இல்லை. யார் அனுப்பினார்கள், எந்த இயக்கம், எதற்கு என்று எங்களுக்கு இன்றைக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்ல மாட்டார்கள்.

அம்மா இப்போது டொரொண்டோவில் என் அண்ணனோடு இருக்கிறார். ஒவ்வொரு வருடமும் அப்பாவின் திவசத்தன்று, படையல் முடிந்த கையோடு எனக்குப் போன் எடுப்பார். சாப்பாட்டைப் பற்றி, ஐயர் பிந்தி வந்ததைப் பற்றிக் கதைப்பார். கடைசியில் அந்தக் கேள்வி வரும். "பிள்ளை, அவன்ரை சேட்டுக்குள்ளை ஏதும் இருந்ததை நீ காணேல்லையோ? ஏன் கூப்பிட்டனி?" நான் "காணேல்லை அம்மா" என்பேன். முப்பத்தெட்டு வருடமாக இதே கேள்வி, இதே பதில்.

கண்டேனா, இல்லையா? எனக்குத் தெரியவில்லை. சில நாட்களில் கண்ணை மூடினால் அவனுடைய இடுப்பில் துணி புடைத்துக்கொண்டு நிற்பது தெளிவாகத் தெரியும். கேட்டுக் கேட்டு அம்மாதான் அந்தப் புடைப்பை என் தலைக்குள் வைத்துவிட்டாரா, அல்லது உண்மையாகவே கண்டும் நான் போய் அப்பாவைக் கூப்பிட்டேனா? கண்டிருந்தால் அப்பாவைக் கொன்றதில் எனக்கும் கை இருக்கிறது. இதை அறியத்தான் நான் துப்பாக்கியை வாங்கினேன். விளையாட்டும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை.

ஆனால் வாங்கியவுடன் அறியத் துணிவு வரவில்லை. இரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மா சுட்டுக்கொண்டிருந்தேன். நன்றாகச் சுட்டேன், பெருமைக்குச் சொல்லவில்லை. சுட்டு முடித்துப் பொத்தானை அழுத்தினால் கடுதாசி கம்பியில் தொங்கிக்கொண்டு என்னை நோக்கி வரும். மெல்ல ஆடி ஆடி, ஆள் உயரத்தில் வரும். துவாயோடு ஒருவர் நடந்து வருவதாகவே ஒவ்வொரு முறையும் எனக்குத் தோன்றும். நான் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்வேன்.

ஒருநாள் தோழி கேட்டாள். "நீ ஏன் எப்போதும் இரண்டோடு நிறுத்துகிறாய்?"

எனக்கு விளங்கவில்லை. "எது இரண்டு?"

"எல்லோரும் பத்தையும் சுட்டு முடிப்பார்கள். நீ இரண்டு சுடுவாய், கையை நீட்டியபடி கொஞ்ச நேரம் நிற்பாய், பிறகு கீழே வைப்பாய். முதல் நாளிலிருந்து அப்படித்தான்."

நான் நம்பவில்லை. அவள் முன்னாலேயே பத்து ரவை போட்டேன், பத்தையும் சுடுவேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு. இரண்டாவது சத்தத்தோடு விரல் நின்றுவிட்டது. அழுத்து அழுத்து என்கிறேன், அது என் சொல் கேட்கவில்லை. கைமட்டும் நேராக, ஆட்டமில்லாமல் நீண்டிருந்தது. எனக்குள் அவன் வந்து நிற்கிறான் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததை யாரிடமும் சொல்லவில்லை, அன்று வீட்டுக்கு வந்து கையைச் சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவினேன். வெடிமருந்து மணம் போகவே இல்லை.

இனிப் பொறுக்க முடியாது என்று முடிவெடுத்தேன். மாசி மாதத்து ஒரு சனிக்கிழமை, நல்ல வெயில், வெளியே பனி கண்ணைக் கூசவைத்தது. சமையலறை மேசையில் துப்பாக்கியை வைத்து மகசீனைக் கழற்றினேன். உள்ளே ரவை இல்லை என்று மூன்று முறை பார்த்தேன். விசைப் பூட்டைக் கழற்றவில்லை என்று எழுதினால் நல்லவளாகத் தெரிவேன், ஆனால் கழற்றினேன். பூட்டோடு வைத்தால் புடைப்பு வேறு மாதிரி இருக்கும்.

கணவரிடம் சொன்னேன். இதை இடுப்பில் வைத்து, சேட்டை மேலே விட்டு, அறைக் கதவடியில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். வெளிக்கதவைத் தாண்டினால் குற்றம், அதனால் படுக்கையறைக் கதவுதான் எங்களுக்குக் கேற்.

"இஞ்சரும், உமக்கு விசரே?" என்றார் அவர். டவுன்டவுனில் இருபது வருடம் சமையல்காரராக நின்றவர், கோழியை வெட்டுவாரே தவிர ஆணியைக்கூட அடிக்க மாட்டார். "நான் அதைத் தொடமாட்டன்."

"ஒரு நிமிசம் நில்லுங்கோ. பேந்து கேட்கவே மாட்டன்."

"தொந்தியிலை எங்கை அது நிக்கப்போகுது?"

சிரித்தோம். பிறகு அவர் என் முகத்தைப் பார்த்தார், சிரிப்பை விட்டார், வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு அறைக்குள் போனார். கதவைச் சாத்திக்கொண்டு வெகு நேரம் வெளியே வரவில்லை. நான் கூடத்தில் நின்றேன். மேல்மாடியில் யாரோ தளபாடம் இழுக்கிற சத்தம் கேட்டது.

கதவு திறந்தது. இருபத்தாறு வருடமாக என் பக்கத்தில் படுக்கிற மனிதரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. இடுப்பில் அந்தப் பாரம் ஏறியதும் அவர் நிற்கிற விதமே மாறியிருந்தது. ஒரு தோள் தாழ்ந்து, வலது கை உடம்போடு ஒட்டாமல் சும்மா தொங்கியது. முகத்தில் ஒன்றும் இல்லை. அந்த நாளின் கதை முழுக்க அவருக்குத் தெரியும், ஆனால் பேசும்படி நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

"தங்கச்சி, அப்பா நிக்கிறாரோ?" என்றார்.

இடுப்பைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. சேட்டு நேராக விழுந்திருந்தது. அப்பாடா என்று மூச்சு விடப்போனவள், சட்டென்று ஒன்றை நினைத்தேன். நான் இப்போது நிற்கிற உயரம் பிழை. பதினொரு வயதில் நான் இவ்வளவு உயரம் இல்லை, வகுப்பிலேயே கட்டை நான். சுவரைப் பிடித்துக்கொண்டு முழங்காலில் இருந்தேன்.

என் கண்ணுக்கு நேரே இருந்தது அது. துப்பாக்கியின் பிடி துணியை வெளியே தள்ளிக்கொண்டு நின்றது, ஒரு மடிப்பு குறுக்கே விழுந்திருந்தது. என் நினைவில் இருந்த அதே மடிப்பு.

"தெரியுதோ?" என்றார். குரல் இப்போது அவருடையதாக இருந்தது.

"தெரியுது."

அவர் அதை எடுத்து மேசையில் வைத்துவிட்டு என் பக்கத்தில் தரையிலேயே குந்தினார். நான் அழுதேன். நான் கண்டிருக்கிறேன். கண்டுவிட்டுத்தான் கிணற்றடிக்கு ஓடியிருக்கிறேன். "பதினொரு வயதுப் பிள்ளைக்கு அது என்னெண்டு தெரியுமோ? ஏதோ இருக்குதெண்டு கண்டிருப்பீர், அவ்வளவுதான்" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். நல்ல மனிசன். ஆனால் அந்தக் காலத்தில் எங்கள் ஒழுங்கையில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும், சேட்டை வெளியே விட்டுக்கொண்டு வருகிறவன் எதை வைத்திருப்பான் என்று.

அடுத்த மாதம் திவசம் வந்தது. அம்மா போன் எடுத்தார். எண்பத்திரண்டு வயது, குரல் இன்னும் கணீரென்று இருக்கும். வாழைக்காய்ப் பொரியல் பதம் பிழைத்துப் போனதைச் சொன்னார், ஐயர் இந்த முறை நேரத்துக்கு வந்ததைச் சொன்னார். பிறகு வழக்கம்போல் கேட்டார்.

"ஓம் அம்மா, கண்டனான்" என்றேன். "சேட்டுக்குள்ளை இருந்ததைக் கண்டனான். கண்டுபோட்டும் அப்பாவைக் கூப்பிட்டனான்."

மறுபக்கத்தில் பாத்திரம் ஒன்றைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"நானும் கண்டனான், பிள்ளை" என்றார் அம்மா. "குசினி யன்னலாலை. நீ கேற்றடியிலை நிக்கேக்கை. அதுதானே உன்னட்டைத் தண்ணி குடுத்து விட்டனான்."

தண்ணீரைப் பற்றி நான் இவ்வளவு நேரமும் எழுதவில்லை. மறைக்கவில்லை, யார் வந்தாலும் முதலில் தண்ணீர் கொடுக்கிற வீடு எங்களுடையது, அதனால் அது என் நினைவில் ஒரு சம்பவமாகவே இருந்ததில்லை. அவன் அப்பாவைக் கேட்டதும் நான் முதலில் அடுப்படிக்கு, குசினிக்குத்தான் போனேன். அம்மா ஒரு பேணியில் தண்ணீர் வார்த்துத் தந்தார். பேணி நிரம்பி வழிந்தது, என் கை நனைந்தது.

"எங்கடை வீட்டுத் தண்ணியைக் குடிச்சவன் எங்களுக்குக் கெடுதி செய்யமாட்டான் எண்டு நம்பினன்" என்றார். "உண்ட வீட்டுக்கு ரெண்டகம் ஆர் செய்வினம்? குடிக்கக் குடுத்தாப் போயிடுவான் எண்டு நினைச்சன். நீ அப்பாவையும் கூப்பிடுவாய் எண்டு நான் நினைக்கேல்லை. பிள்ளையை அனுப்பினது நான். அதைச் சொல்ல ஏலாமல்தான் உன்னைக் கேட்டுக்கொண்டிருந்தன்."

அம்மா மீது கோபம் வந்தது, பெரிய கோபம், உடனேயே அது இரக்கமாகவும் போனது. அவர் மூக்கைச் சீறுகிற சத்தம் கேட்டது.

"பிள்ளை, அவன் குடிச்சவனோ?"

அந்தக் கேள்வியை அவர் ஒருநாளும் கேட்டதில்லை. நான் யோசிக்கவே தேவைப்படவில்லை, எல்லாம் அப்படியே கண்முன் வந்தது. அவன் இரண்டு கையாலும் மரியாதையாகப் பேணியை வாங்கினான். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு ஒரு துளியும் சிந்தாமல் மதிலின் மேல் வைத்துவிட்டு, "அப்பாவைக் கூப்பிடும்" என்றான்.

"இல்லை அம்மா, குடிக்கேல்லை. வாங்கி மதிலிலை வைச்சவன்."

அம்மா மூச்சை இழுத்து விட்டார்.

"அப்ப குடிச்சாச் செய்ய ஏலாதெண்டு அவனுக்கும் தெரிஞ்சிருக்கு" என்றார்.