படி தாண்டாத கம்ப்யூட்டர்

நான் கோபக்காரி. செம்மேட்டில் என் தையல் கடைக்கு வருகிற எல்லோருக்கும் அது தெரியும். ஜாக்கெட் கை இறுக்கிப் பிடிக்கிறது என்று யாராவது குறை சொன்னால், "கை பெருத்துப் போச்சுங்க, துணி என்ன பண்ணும்?" என்று கேட்டுவிடுவேன். அப்படியும் வருகிறார்கள். அந்தக் காலத்தில் கொல்லிமலையில் எனக்குத் தெரிந்து என்னிடம் மட்டும்தான் எம்பிராய்டரி மிஷின் இருந்தது.

கம்ப்யூட்டரில் வரைந்ததை அப்படியே துணியில் தைக்கிற மிஷின் அது. திருப்பூரில் ஒரு கம்பெனி வேண்டாம் என்று கழித்ததையும், அதோடு சேர்ந்த கம்ப்யூட்டரையும் வாங்கி மலைக்கு ஏற்றினோம். எழுபது கொண்டை ஊசி வளைவிலும் மிஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை. கூட வந்த மெக்கானிக்தான் மூன்று முறை வண்டியை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தார். மிஷினுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே தடியாக ஒரு கேபிள் உண்டு. வரைகிற புரோகிராமுக்குத் தீப்பெட்டி அளவில் ஒரு சாவி உண்டு. அதைக் கம்ப்யூட்டரின் முதுகில் சொருகினால்தான் புரோகிராம் திறக்கும். மிஷின், கேபிள், சாவி எல்லாம் எட்டு வருஷம் சண்டை சச்சரவில்லாமல் குடும்பம் நடத்தின.

கம்ப்யூட்டருக்குள்ளே இருந்துகொண்டு எல்லாவற்றையும் கட்டி மேய்க்கிற ஒன்றைப் பாடப்புத்தகத்தில் இயங்குதளம் என்பார்கள். எங்களுக்கு அது ஓயெஸ். ஒரு வருஷம் அந்த ஓயெஸ்ஸுக்குப் புதுசாக மாறிக்கொள்ள ஆசை வந்துவிட்டது. தினமும் காலையில் திரையில் ஒரு பெட்டி வந்து, புதியது தயார், போட்டுக்கொள்ளலாமா என்று கேட்கும். பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவிடுவேன். மறுநாளும் வரும். கல்யாணத் தரகர் கூட இத்தனை தடவை வீட்டுக்கு வரமாட்டார்.

அது பலாப்பழ சீசன். எங்கள் மலையில் அந்த இரண்டு மாதமும் யார் கையைப் பிடித்தாலும் ஒட்டும். அன்றைக்குக் கடையிலேயே ஒரு பழத்தைப் பிளந்து உட்கார்ந்திருந்தேன். கையெல்லாம் பலாப்பால், அதன் மேல் தேங்காய் எண்ணெய். அந்த நேரம் பார்த்துப் பெட்டி வந்தது. இந்தக் கையோடு மவுஸைத் தொட முடியாது. சனியனே போ என்று முழங்கையால் ஒரு தட்டுத் தட்டினேன். முழங்கை பட்டது கீபோர்டில் இருப்பதிலேயே பெரிய பட்டன்களில் ஒன்றில். அது சரி என்று சொல்கிற பட்டன்.

சாயங்காலம் வரை கம்ப்யூட்டர் தனக்குத்தானே ஏதோ செய்துகொண்டிருந்தது. முடிந்ததும் புதுத் திரை பளிச்சென்று வந்தது. நீல வானம், வெள்ளை மேகம். சும்மா சொல்லக்கூடாது, அழகாகத்தான் இருந்தது. கடைக்கு வந்தவர்களிடம் காட்டிப் பெருமை கூட அடித்துக்கொண்டேன். எம்பிராய்டரி வேலை எதுவும் இல்லாததால் இரண்டு வாரம் அந்தப் புரோகிராமைத் திறக்கவே இல்லை.

ஆனி மாதக் கடைசி முகூர்த்தத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது, எங்கள் மலையிலேயே இருக்கிற குண்டூர் நாட்டிலிருந்து ஒரு பெண் கல்யாணப் பட்டு ஜாக்கெட் துணியோடு வந்தாள். அவளுக்கும் எனக்கும் ஒரு பழைய பேச்சு இருந்தது. ஐந்து வருஷம் முன்பு அவள் அக்கா கல்யாணத்துக்கு, ஜாக்கெட் கையில் தோளிலிருந்து முழங்கை வரை ஒரு மிளகுக் கொடி போட்டுக் கொடுத்திருந்தேன். நானே சொந்தமாக வரைந்தது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் மிஷினோடு வந்த பூவும் மயிலும் மாங்காயும். தோட்டத்திலிருந்து ஒரு கொடியை ஒடித்து வந்து மேஜையில் வைத்துக்கொண்டு, இலை இலையாக, மணி மணியாக நான்கு மாதம் மவுஸை இழுத்து வரைந்தேன். பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த தங்கை, பந்தியில் உட்காராமல் அக்கா கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "உன் கல்யாணத்துக்கும் இதேதான்டி" என்று கையடித்துச் சத்தியம் செய்து கொடுத்திருந்தேன். அதற்குத்தான் வந்திருந்தாள்.

புரோகிராமைத் திறந்தேன். சாவியைக் காணவில்லை என்றது. முதுகுப் பக்கம் எட்டிப் பார்த்தேன், சாவி சொருகியபடியே இருந்தது. கழற்றி, ஊதி, மறுபடி சொருகினேன். காணவில்லை என்றே சொன்னது. கண் முன்னால் நிற்கிற பிள்ளையைக் காணவில்லை என்று சொல்கிறவர்களிடம் என்ன பேச முடியும்?

நாமக்கல்லில் இருக்கிற சர்வீஸ்காரருக்குப் போன் போட்டேன்.

"புது ஓயெஸ் அந்தப் பழைய சாவிய எல்லாம் பாக்காதுங்க அக்கா," என்றார். "இன்னுமா அந்தப் புரோகிராம வெச்சுருக்கீங்க?"

ஏதோ ஊசிப்போன குழம்பை வைத்திருப்பது போலக் கேட்டார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"ஏனுங்க, என்ற மாமியா காலத்துத் தையல் மிஷினுக்கு நேத்து வாங்குன ஊசி பொருந்துது. என்ற கத்திரிக்கோல் புதுத் துணிய வெட்ட மாட்டேன்னு சொல்லுதுங்களா? உங்க கம்ப்யூட்டருக்கு மட்டும் என்னங்க வந்துச்சு?"

"பழசுக்கே திரும்பிக்கலாங்க. ஆனா அதுக்குப் பத்து நாளுதான் கெடு."

பத்து நாள் தாண்டிப் போயிருந்தது. கம்ப்யூட்டரைக் கீழே நாமக்கல்லுக்குக் கொண்டுவந்தால் அழித்துவிட்டுப் பழையதைப் போட்டுத் தரலாம், ஆனால் ஒரு வாரம் ஆகும் என்றார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியாக, என் முழங்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பெண் சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன். அவள் துணியின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தாள். "பரவால்லீங்க சித்தி. சாதாப் பூவே போட்டுக் குடுங்க," என்றாள். ஐந்து வருஷம் காத்திருந்தவள் அப்படிச் சொன்னது எனக்குத் தாங்கவில்லை.

வரைந்தது பென் டிரைவில் இருக்கிறது, புரோகிராமின் சிடி பீரோவில் இருக்கிறது, சாவியும் கேபிளும் கையில் இருக்கின்றன. மாறாத பழைய கம்ப்யூட்டர் ஒன்று கிடைத்தால் போதும் என்று நான் புலம்பியபோது அவள்தான் சொன்னாள்.

"எங்கூர்ல கம்ப்யூட்டர் ஊடு இருக்குதுங்களே."

அந்த வீட்டை நானும் அறிவேன். பன்னிரண்டு வருஷம் முன்பு கீழே புளியஞ்சோலைப் பக்கத்திலிருந்து மலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஒருத்தி, கட்டில் பீரோவோடு சீராக ஒரு கம்ப்யூட்டரும் கொண்டு வந்தாள். அன்றிலிருந்து அதற்குப் பெயர் கம்ப்யூட்டர் ஊடு. அதில் யாரும் எதுவும் செய்து யாரும் பார்த்ததில்லை. ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்துப் பொரிகடலை படைப்பார்கள் என்று கேள்வி. "வருசத்துக்கு ஒருக்கா பொரி திங்கற கம்ப்யூட்டர்" என்று நானே கடையில் பல தடவை சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

நேராக அங்கே போனோம். முன்னறையில் மேஜை மேல், தொலைக்காட்சி மாதிரிப் பெரிய பெட்டியாக, வலைப்பின்னல் துணி போர்த்தி இருந்தது. வீட்டுக்காரி துணியை விலக்கினாள். தூசி ஒரு பொட்டு இல்லை. திரையின் நான்கு மூலையிலும் சந்தனம் குங்குமம். முதுகைப் பார்த்தேன், என் சாவிக்கு வேண்டிய அகல ஓட்டை இருந்தது. உள்ளே இருப்பதும் பழைய ஓயெஸ்தான். இன்டர்நெட்டைப் பார்க்காத கம்ப்யூட்டருக்குப் புதுசாக மாறச் சொல்லி யார் ஆசை காட்டப் போகிறார்கள்?

"அம்மிணி, ரெண்டே நாளுக்கு இதக் குடு. பூவாட்டம் கொண்டாந்து வெச்சுடறேன்," என்றேன்.

"இல்லீங்க அக்கா."

"ஒரு பொண்ணு கல்யாணம், கண்ணு."

"எங்கம்மா ஊட்டுச் சீருங்க அக்கா. கட்டிலு, பீரோ எல்லாம் ஒவ்வொரு கஷ்டத்துக்கு ஒவ்வொண்ணா வெளிய போயிருச்சு. இது ஒண்ணுதான் மிச்சம். இது படி தாண்டாதுங்க."

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் அதில் இம்மியும் அசைவு இல்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப என்ற மிஷினத் தூக்கிட்டு நா இங்க வாரட்டுமா?" என்று கத்தினேன்.

"வாங்க," என்றாள்.

மறுநாள் காலையில் மணப்பெண்ணும் அவள் தாய்மாமன்கள் இரண்டு பேரும் ஜீப்போடு வந்தார்கள். சீர்த்தட்டுத் தூக்க வேண்டிய மாமன்மார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் மிஷினைத் தூக்கினார்கள். "கல்யாணப் பொண்ணு கூட இத்தன கனம் இல்லீங்க," என்று பெரியவர் மூச்சு வாங்கினார்.

கம்ப்யூட்டர் ஊட்டு முன்னறையில் மிஷினை இறக்கிக் கேபிளை மாட்டினோம். பட்டனை அமுக்கியதும் கம்ப்யூட்டர் செருமிக்கொண்டு எழுந்தது. மூலையில் தேதியைப் பார்த்தேன். வீட்டுக்காரிக்குக் கல்யாணம் ஆவதற்கு முந்தின ஏதோ ஒரு வருஷத்தின் ஜனவரி முதல் தேதி. உள்ளே கடிகாரத்துக்கு இருக்கும் பேட்டரி எப்போதோ செத்திருக்கிறது. சிடி போடுகிற தட்டு வெளியே வரவில்லை. அதன் கீழே சின்னதாக ஒரு துளை இருக்கும். என் தாவணியில் குத்தியிருந்த குண்டூசியை... தாவணி என்று பழக்கதோஷத்தில் சொல்கிறேன், முந்தானையில் குத்தியிருந்த குண்டூசியை அதில் விட்டு நெம்பினேன். தட்டு வந்தது. புரோகிராமை ஏற்றி, சாவியைச் சொருகி, சாமியைக் கும்பிட்டுக்கொண்டு திறந்தேன்.

சாவியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. திரையில் என் மிளகுக் கொடி வந்து நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. நான்கு மாதம் சுமந்து பெற்றதை முழங்கையால் தொலைத்தவளுக்கு அழுகை வராமல் என்ன செய்யும்?

மிஷின் தடதடவென்று தைக்க ஆரம்பித்தது. வீட்டுக்காரி மேஜையை விட்டு நகரவே இல்லை. திரையைப் பார்ப்பாள், துணியைப் பார்ப்பாள், மறுபடி திரையைப் பார்ப்பாள்.

"இதுல நீ எதுவுமே பண்ணுனதில்லியா, அம்மிணி?"

"ஆயுத பூசைக்குப் போடுவேனுங்க. எரியுதான்னு பாத்துட்டு அமத்திருவேன்." மேஜை ஓரத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டே சொன்னாள். "எங்கம்மாளுக்கு நா கம்ப்யூட்டர் படிக்கோணும்னு ஆசைங்க. நாந்தான் வெயில்ல காயறேன், எம் பொண்ணு நெழல்ல ஒக்காந்து வேல பாக்கட்டும்னு சொல்லிச் சொல்லி வாங்கிக் குடுத்துச்சு. இங்க வந்தன்னிக்கே மரவள்ளிக் காட்டுக்குப் போயிட்டேன்."

அவள் அம்மா உயிரோடு இல்லை என்பது எனக்குத் தெரியும். பொரி தின்கிற கம்ப்யூட்டர் என்று நான் சிரித்ததெல்லாம் நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டு நூல் மாற்றினேன். எனக்கு அது பழக்கமில்லாத வேலை, வாயை மூடுவதைச் சொல்கிறேன்.

முதல் கொத்து மிளகில் பச்சை முடிந்து சிவப்பு தைக்க ஆரம்பித்ததும் அவள் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. கொத்துக்கு அஞ்சு பழம் போட்டுருக்கீங்களே."

"அதுக்கென்ன?"

"ஒண்ணு ரெண்டு செவந்ததுமே பறிச்சுருவோமுங்க. அஞ்சு பழுத்துதுன்னா, பறிக்க ஆளில்லாம உட்ட கொடிங்க அது."

நான்கு மாதம் பார்த்துப் பார்த்து வரைந்தவளிடம் சொல்கிற பேச்சா இது? கோபமாகத் திரும்பினேன். அதற்குள் மணப்பெண் சிரித்துவிட்டாள். "அப்ப எங்கக்கா கல்யாணத்துக்குப் போட்டது சோம்பேறித் தோட்டமுங்களா சித்தி? எனக்கு ரெண்டே போடுங்க." அவள் மாமன்மாரும் தலையாட்டினார்கள். மிளகு பறிக்கிறவர்கள் அத்தனை பேர் ஒரே பக்கம் இருக்கும்போது, தையல்காரி என்ன வாதம் செய்வது? மிஷினை நிறுத்தினேன்.

"நீயே மாத்து," என்று மவுஸை வீட்டுக்காரி பக்கம் தள்ளினேன்.

கையைச் சேலையில் இரண்டு தடவை துடைத்துக்கொண்டுதான் தொட்டாள். அவளுக்கு அம்பு எங்கெங்கோ ஓடியது. ஒரு மணியைப் பிடிப்பதற்குள் வேர்த்துவிட்டது. மணியின் மேல் வைத்து அமுக்கு, கீழே பச்சையைத் தொடு என்று சொல்லிக் கொடுத்தேன். முதல் மணி சிவப்பிலிருந்து பச்சையாக மாறியதும், தான்தான் அதைச் செய்தோமா என்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். அதன்பின் என்னைப் பார்க்கவில்லை. எல்லாக் கொத்தையும் அவளே முடித்தாள். நடுவில் ஒருமுறை கரண்ட் போய்விட, மொத்தத்தையும் மறுபடி மாற்ற வேண்டியதாயிற்று. அதற்கும் அவள் சலிக்கவில்லை. இரண்டாவது கைக்கு நூல் மாற்றியதும் அவள்தான். பொழுது சாய்வதற்குள் ஜாக்கெட் முடிந்தது.

கல்யாணத்தில் அந்தக் கையை அத்தனை பெண்களும் பிடித்துப் பிடித்துப் பார்த்தார்கள். அக்காக்காரி மட்டும் என்னிடம் வந்து, "எனக்கு எதுக்குங்க அஞ்சு போட்டீங்க?" என்று சண்டைக்கு நின்றாள். நல்லதுக்குக் காலம் இல்லை.

கல்யாணம் முடிந்த மறுநாள் மிஷினைத் திரும்ப எடுக்க மாமன்மாரோடு ஜீப்பில் போனேன். வாசலில் நின்று கூப்பிட்டேன், பதில் இல்லை. உள்ளே எட்டிப் பார்த்தேன். ஆயுத பூஜைக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. கம்ப்யூட்டர் எரிந்துகொண்டிருந்தது. வலைப்பின்னல் துணி மடித்து ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு மவுஸை இழுத்து இழுத்து ஒரு பலா இலையை வரைந்துகொண்டிருந்தாள். இலை கோணலாக இருந்தது. என் மிஷினுக்கும் நான்கு மூலையில் சந்தனம் குங்குமம் வைத்திருந்தாள்.

என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தாள். "காட்டுக்குப் போவோணுமுங்க அக்கா. வெயில் ஏறிப்போச்சு. சித்த நேரம் எங்கம்மா சொன்னாப்புல ஒக்காந்து பாக்கலாம்னு..."

"ஒக்காரு, அம்மிணி," என்றேன்.

வெளியே வந்து, மிஷின் இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லி ஜீப்பை வெறுமனே திருப்பி அனுப்பினேன்.