தார் உருகிய மதியம்

இர்விங்கில் பழைய ஓவியங்களைச் சீர்செய்யும் ஸ்டுடியோ ஒன்றில் வேலை பார்த்தேன். ஒரு ஆகஸ்ட் மதியம் ஏசி நின்றுபோனது. டெக்சாஸ் வெயிலில் ஏசி நின்றால் நாம் காருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளலாம். ஸ்டாண்டில் இருந்த இயேசு எங்கே போவார்?

ஒரு தேவாலயத்துக்குச் சொந்தமான படம் அது. பிரெஞ்சுக்காரர் ஒருவர் வரைந்து இருநூறு வருஷம் இருக்கும். இயேசுவின் உடலைக் குகைக்குள் அடக்கம் செய்கிறார்கள். தலைமாட்டில் தாய் மரியாள் அழுகிறாள். இருட்டுக்கு ஆழம் வரட்டும் என்று அந்தக் காலத்து ஓவியர்கள் வண்ணத்தில் தார் கலந்தார்கள். தார் எத்தனை வருஷமானாலும் முழுசாகக் காயாது, சூடு பட்டால் இளகும். மரியாளின் தலைக்கு மேலே இருந்த குகை இருட்டு முழுக்கத் தார்தான்.

டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தேன். கருப்பு பளபளத்தது. அவள் நெற்றிக்கு ஒரு விரல் அகலம் மேலே அதன் விளிம்பு தடித்துத் தொங்கியது. அது வழிந்து முகத்தில் இறங்கினால் தீர்ந்தது. துடைக்கப் போனால் முகமும் சேர்ந்து வந்துவிடும்.

பாஸ் கேரலுக்கு போன் போட்டேன். ஃப்ரீவே டிராஃபிக்கில் மாட்டியிருந்தாள். "டோன்ட் டச் இட். ஐ'ம் கமிங்" என்றாள்.

ஏசியைப் பார்க்க வந்திருந்த பில்டிங் இன்ஜினியர் செந்தில், திருச்செங்கோட்டுக்காரன், ஒரு பெரிய ஃபேனைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"அக்கா, இதை ஃபுல் ஸ்பீடுல வெச்சிரலாங்களா?"

"ஐயோ வேணாம்! தூசியெல்லாம் அதுமேல போய் ஒட்டிக்கும். வா, பிடி, படுக்க வெச்சிரலாம்."

கேரல் சொன்னதை மீறினேன். படத்தை ஒரு பலகையில் மல்லாக்கக் கிடத்தினோம். எதிரே இருந்த ஸ்டோரேஜ் ரூமுக்குத் தனி ஏசி. அங்கே போகத் தூக்கினோம். வாசலில் செந்தில் நின்றுவிட்டான்.

"அக்கா, இயேசு கால் பக்கம் முன்னாடி போகுதுங்க. திருப்பிரலாம்."

எங்கள் பக்கம் பிணத்தைத்தான் கால் முன்னால் இருக்க வாசல் தாண்டித் தூக்குவார்கள். எனக்குக் கோபம் வந்தது.

"செந்திலு, செத்தவரை அடக்கம் பண்ற படமே இது! நட."

"அவரு செத்திருக்கலாங்க்கா. படம் இன்னும் சாகலீங்களே?"

வாதாட நேரமில்லை. அடி அடியாகத் திருப்பினோம். துளி சாய்ந்தாலும் போச்சு. அந்தக் கருப்பு விளிம்பை விட்டு நான் கண்ணை எடுக்கவில்லை, மூச்சு விடவே பயமாக இருந்தது. தலைப்பக்கம் முன்னால் உள்ளே போனது.

கேரல் வந்ததும் லென்ஸை வைத்துப் பார்த்தாள். தார், மரியாளின் முக்காட்டைத் தொட்டு நின்றிருந்தது. முகத்தில் படவில்லை. கேரல் என்னைத் திட்டவில்லை. நான் தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். தார் கலந்த படம் என்றால் சூடு ஏறுமுன் படுக்க வைத்துவிடுங்கள், யார் அனுமதிக்காகவும் காத்திருக்காதீர்கள். கூடத் தூக்குகிறவன் படத்துக்கு உயிர் இருக்கிறது என்று நம்பினால் அவனோடு சண்டை போடாதீர்கள். அவன் கை நழுவாது.