அக்கா திருத்தாமல் விட்ட படம்

அக்கா நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. நினைவுத் திருப்பலிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், அக்காவோடு பிறந்த ஒரே தங்கையாக நான் எழுதுவது இது.

அக்கா பிறந்தது நல்லூருக்கு அருகே, அம்மாவின் ஊரில். வளர்ந்ததும் வாழ்ந்ததும் விருத்தாசலத்தில். அப்பா இறந்தபோது அக்கா பத்தாம் வகுப்பு முடித்திருந்தார்கள். அடுத்த மாதமே பீங்கான் கம்பெனியில் ஃபியூஸ் கட்டைகளுக்கு மெருகு பூசும் வேலைக்குச் சேர்ந்தார்கள். அந்தச் சம்பளத்தில்தான் நான் ஆசிரியர் பயிற்சி முடித்தேன். தனக்குத் திருமணம் வேண்டாம் என்று இருந்துவிட்டார்கள். ஏன் என்று கேட்டால் சிரிப்பார்கள், காரணம் சொன்னதில்லை.

மூட்டுவலியால் வேலையை விட்ட பிறகு, செல்போனில் ஏஐ செயலிகளைக் கொண்டு பழைய படங்களைச் சரிசெய்யப் பழகினார்கள். என் மகள் ஒருமுறை சொல்லிக்கொடுத்தது போதுமாயிருந்தது. பூஞ்சை பிடித்த கல்யாணப் படங்கள், கிழிந்த ஞானஸ்நானப் படங்கள் எல்லாம் வீடு தேடி வந்தன. பக்கத்து வீட்டம்மாவுக்கு அவருடைய தாயின் மங்கிய படத்தைத் தெளிவாக்கிக் கொடுத்தபோது அவர், "அழகாத்தான் இருக்குது. ஆனா இது எங்கம்மா இல்லீங்க. எங்கம்மாவுக்குப் பல்லு தூக்கலா இருக்கும்" என்றார். அக்கா மறுபடி உட்கார்ந்து, முகத்தைத் தொடாமல் கறையை மட்டும் நீக்கிக் கொடுத்தார்கள். பிறகு யார் படம் கொண்டுவந்தாலும் எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்று கேட்டுக்கொண்டுதான் தொடங்குவார்கள்.

எங்கள் தாய்மாமா, தன் இளைய மகளின் திருமணத்துக்குப் பேனர் அடிக்க, குடும்பமாக எடுத்த படமொன்றைக் கொண்டுவந்தார். அதில் மூத்த மகளும் இருந்தாள். தான் விரும்பியவரை மணந்துகொண்டு அவள் மங்கலம்பேட்டைக்குப் போனதிலிருந்து மாமா அவளோடு பேசுவதில்லை. மாப்பிள்ளை வீட்டார் பார்ப்பார்கள், அவளை மட்டும் எடுத்துவிடு என்றார்.

அக்கா வாதம் செய்யவில்லை. படத்தைத் திறந்து, போனை மாமாவின் கையில் கொடுத்தார்கள். "என்னால ஆவாது மாமா. எடுக்கணும்னா அவ மேல வெரலால தேயுங்க, அதுவே எடுத்துடும்."

மாமா தேய்த்தார். அவள் மறைந்தாள், அவள் நின்ற இடத்தில் பின்னாலிருந்த சுவர் வந்துவிட்டது. ஆனால் படம் எடுக்கும்போது அவள் தன் அப்பாவின் தோளில் கை வைத்திருந்தாள். அந்த விரல்கள் மட்டும் மாமாவின் சட்டைமேல் அப்படியே இருந்தன.

"இது போவலியே" என்றார் மாமா.

"அதையும் தேய்ச்சா போயிடும் மாமா."

நான் அங்கேதான் இருந்தேன். அக்கா டீ போட எழுந்து போனார்கள். மாமா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா திரும்பி வந்ததும் போனை நீட்டி, "பழைய படமே இருக்கட்டும்மா" என்றார்.

பேனரில் எல்லோரும் இருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் எதுவும் கேட்கவில்லை. அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. மூத்த மகள் தங்கையின் திருமணத்துக்கு வந்தாள்; மாமா அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

சிறுநீரகம் பழுதாகி அக்கா படுத்தபோது, விடுப்பு கிடைக்காமல் நான் தவித்த நாட்களில், மங்கலம்பேட்டையிலிருந்து பஸ் ஏறி வந்து பார்த்துக்கொண்டவள் அவள்தான். மாமாவும் ஆஸ்பத்திரிக்கு வருவார். அவள் உள்ளே இருந்தால் வெளியிலேயே நிற்பார். ஒருநாள் அக்காவுக்குக் கஞ்சி ஊட்டிவிட்டுப் பாத்திரம் கழுவ வெளியே வந்தவளிடம், "நீ சாப்டியா?" என்று கேட்டார். அவள் தலையை ஆட்டினாள். உள்ளே வந்து அக்காவிடம் சொன்னாள். அக்கா அவள் கையைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வாரமே அக்காவின் உயிர் அமைதியாகப் பிரிந்தது.

அக்காவைக் கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், இறுதிவரை வந்து செபித்த பங்குத்தந்தைக்கும் எங்கள் தெருச் செபக்குழுவான அன்பியத்தின் உறவுகளுக்கும், வேலைக்குப் போகாமல் வந்து உடன் நின்ற கம்பெனித் தோழிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மாமாவுக்கும் அவருடைய மூத்த மகளுக்கும் நான் பட்டிருக்கும் கடன் நன்றி சொல்லித் தீராது.

இதை எழுதலாமா என்று மாமாவிடம் கேட்டேன். "எழுதும்மா. நான் தேய்ச்சதையும் சேத்தே எழுது" என்றார்.